பட்டு ஊரில் ஒரு மண் கோப்பை

காஞ்சிபுரம் என்றதும் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டுச் சேலை. அப்புறம் கோவில்கள். சாப்பாட்டில் அக்கறை உள்ளவர்களுக்குக் குடலை இட்டிலி. மண்ணைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்த ஊரில் முதல் தாம்பூலம் மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஐந்து பூதங்களுக்கும் ஐந்து தலங்களை வகுத்த நம் முன்னோர்கள், ஆகாயத்துக்குச் சிதம்பரத்தையும், நெருப்புக்குத் திருவண்ணாமலையையும், நீருக்குத் திருவானைக்காவையும், காற்றுக்குக் காளஹஸ்தியையும் கொடுத்துவிட்டு, மண்ணுக்குக் காஞ்சியை வைத்தார்கள். ஏகாம்பரநாதர் கோவிலின் மூலமூர்த்தி மணலால் ஆன லிங்கம். ஆகையால் அந்த லிங்கத்தின்மேல் நீர் ஊற்றி அபிஷேகம் செய்வதில்லை. மாமரத்தடியில் அம்பிகை மணலைக் கூட்டி லிங்கம் பிடித்துப் பூஜை செய்தாள் என்றும், கம்பை நதியில் வெள்ளம் வந்தபோது அது கரைந்து போகாமல் மார்போடு அணைத்துக் கொண்டாள் என்றும், அந்த அணைப்புக்குச் சுவாமி குழைந்து கொடுத்தார் என்றும் தல புராணம் சொல்கிறது. 'தழுவக் குழைந்த நாதர்' என்றே அவருக்கு ஒரு திருநாமம் உண்டு.

மண்ணைப் பிசைந்து பழகிய யாரோ ஒருவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று நமக்கு இப்போது ஒரு சந்தேகம் ஏற்பட்டிருக்கிறது. அந்தச் சந்தேகம் வந்த விதத்தைச் சொல்வதுதான் இந்த வாரக் கட்டுரை.

* * *

சென்ற நவராத்திரிக்கு முன், கொலுவுக்கு இரண்டு பொம்மைகள் வாங்கலாமென்று காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவுக்குப் போயிருந்தோம். பொம்மைகளை வாங்கிக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் நமது பழைய நண்பர் வீட்டுக்கும் போனோம். அவர் கைதேர்ந்த நெசவாளர். அந்த வீட்டுத் திண்ணையை நெருங்கும்போதே தறியின் ஓசை கேட்பது வழக்கம். அன்று தறி ஓசை கேட்கவில்லை, வாக்குவாதம் கேட்டது.

"வாருங்கள், ஐயா! நல்ல சமயத்தில் வந்தீர்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்றார் நண்பர். "என் அப்பா தறிக் குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இவளாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று படிக்க வைத்தேன். இவள் பட்டணத்துக்குப் போய்க் குயவர் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! நூலிலிருந்து மேலே ஏறச் சொன்னால், மண்ணில் இறங்கிவிட்டாளே!"

விஷயம் இதுதான். அவருடைய மூத்த பெண் பள்ளிப் படிப்பை நல்ல மார்க்குகளுடன் முடித்திருந்தாள். உற்றார் உறவினர் எல்லாரும் அவள் கணக்கு எழுதும் படிப்போ, கம்ப்யூட்டர் படிப்போ படிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்து, மட்பாண்டக் கலை வகுப்பை எடுத்துக் கொண்டாள். அம்மாவின் கவலை வேறு விதமாக இருந்தது. "நகமெல்லாம் சேறு. இந்தக் கையைப் பார்த்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றாள்.

பெண் ஒன்றும் பேசாமல் நின்றாள். அவளுக்கும் உள்ளே ஒரு துக்கம் இருந்தது. அந்த வாரந்தான் அவள் முதன்முதலாகச் செய்த ஜாடியைச் சூளையில் வைத்தார்களாம். அது உள்ளேயே வெடித்துச் சிதறிவிட்டது. தான் மட்டும் சிதறினால் போகிறது என்று விடலாம். பக்கத்தில் இருந்த இரண்டு சிநேகிதிகளின் பாத்திரங்களையும் உடைத்துவிட்டது. "எனக்கே இது வருமா என்று தெரியவில்லை, மாமா" என்று மெல்லச் சொன்னாள்.

பொங்கல் வரையில் பார்ப்பது, அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் படிப்பை மாற்றிக்கொள்வது என்று ஒரு ராஜி ஏற்பட்டது. இடையில் நாம் ஒரு நாள் அந்த வகுப்புக்குப் போய்ப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. பிறர் குடும்பத்து வழக்கில் மத்தியஸ்தம் செய்வதைவிடச் சுகமான காரியம் உலகத்தில் என்ன இருக்கிறது? உடனே ஒப்புக்கொண்டோம்.

* * *

வகுப்பறை என்றால் பெஞ்சியும் கரும்பலகையும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அங்கே இருந்தவை மண் நிரம்பிய தொட்டிகள், மின்சாரத்தில் சுழலும் சக்கரங்கள், ஈரத்துணி போர்த்திய பாத்திரங்கள், முழங்கை வரை சேறான இருபது மாணவ மாணவியர்.

புதிதாகச் சேர்ந்தவர்களைச் சக்கரத்தின் அருகே விடுவதில்லை. முதலில் மண் பிசையக் கற்றுக் கொடுக்கிறார்கள். சப்பாத்தி மாவு பிசைந்தவர்களுக்கு இது சுலபம் என்று எண்ண வேண்டாம். மாவில் காற்று இருந்தால் சப்பாத்தி உப்பும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். மண்ணுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் சக்கரத்தில் கை தடுமாறும், சுவர் ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். ஆகையால் அழுத்தி, மடித்து, உருட்டி, மறுபடி அழுத்துகிறார்கள். பிறகு ஓர் உருண்டையில் கட்டைவிரலை நுழைத்துக் கிண்ணம் பிடிக்கிறார்கள். அதன் பிறகு திரிதிரியாக உருட்டி அடுக்கிப் பானை எழுப்புகிறார்கள். சக்கரம் அதற்கும் அப்புறந்தான்.

மண் ஏன் இப்படிச் சொன்னபடி கேட்கிறது என்று ஆசிரியையைக் கேட்டோம். கருங்கல்லில் இருக்கும் ஒரு கனிமம், எண்ணற்ற ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிமண் ஆகிறது. அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் நீர் நிற்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. ஆனால் பிரிந்து போவதில்லை. அதுதான் குழைவின் இரகசியம். மணலில் இந்தத் தகடு இல்லை. ஆகையால் மணலில் பானை செய்ய முடியாது. மணலையே குழைய வைத்தது அம்பிகையின் கை ஒன்றுதான் போலும்!

"நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், மாமா" என்று நண்பரின் பெண் நம்மைச் சக்கரத்தின் முன் உட்கார வைத்தாள். முதல் வேலை மண்ணைச் சக்கரத்தின் நட்டநடுவில் நிறுத்துவது. எந்தப் புது மாணாக்கரும் வாரக் கணக்கில் தோற்றுப் போகிற இடம் இதுவே. மண் ஒரு பக்கம் ஆடும். கையும் அதன் கூடவே ஆடும். கை ஆட ஆட மண் இன்னும் ஆடும். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, உடம்பை அசைக்காமல், கையை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். மண்ணை வலுக்கட்டாயமாக நடுவுக்குத் தள்ள வேண்டியதில்லை. நாம் நிலையாக இருந்தால் அது தானே நடுவுக்கு வந்துவிடும் என்றாள் அந்தப் பெண். கேட்பதற்குக் கீதோபதேசம் மாதிரி இருந்தது. செய்து பார்த்தபோது மண் நமது வேஷ்டியில் வந்து விழுந்தது.

மூன்று தடவை முயன்றோம். நாம் எத்தனையோ வருஷமாகப் பத்திரிகையில் எழுதி வருகிறவர்கள். கட்டுரை கோணலாக வந்தால்கூட அதை அச்சில் போட்டுவிடலாம்; வாசகர்கள் பெருந்தன்மையுடன் மன்னித்துவிடுவார்கள். மண் மன்னிப்பதில்லை. அதே சமயத்தில் அது பகையும் பாராட்டுவதில்லை. கெட்டுப்போன பானையைக் கசக்கித் தொட்டியில் போட்டால், மறுநாள் புது மண்ணாக எழுந்து வருகிறது. பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தொட்டி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

ஆனால் சூளைக்குள் போனபின் இந்தச் சலுகை இல்லை. பாத்திரம் நன்றாக உலர்வதற்கு முன் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய நீர் ஆவியாகும். ஆவியான நீருக்கு முன்னிருந்ததைப் போல் 1,600 மடங்குக்கு மேல் இடம் வேண்டும். தடித்த சுவருக்குள் அவ்வளவு இடத்துக்கு அது எங்கே போகும்? வெடிக்கத்தான் செய்யும். நண்பரின் பெண்ணுடைய ஜாடிக்கு நேர்ந்தது அதுதான். அடிப்பாகம் கனமாக இருந்தது. இன்னும் நான்கு நாள் காத்திருக்க வேண்டியதை அவள் அவசரப்பட்டு வைத்துவிட்டாள். "ஜாடி உடைந்தது பெரிதில்லை, மாமா. பக்கத்துப் பாத்திரங்கள் உடைந்ததுதான் பொறுக்க முடியவில்லை. என் அவசரத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?" என்றாள்.

பரீட்சைத் தாளில் நாம் செய்யும் தவறு நமது மார்க்கை மட்டுந்தான் குறைக்கும். ஒரே சூளையில் வேகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. குடிமைப் பயிற்சி என்று புத்தகத்தில் பத்து அத்தியாயம் படித்தாலும் இந்தப் பாடம் இவ்வளவு ஆழமாகப் பதியுமா என்பது சந்தேகமே.

* * *

கல்லூரியில் மண் வேலை கற்றுக்கொடுப்பது ஏதோ புது மோஸ்தர் என்று சிலர் எண்ணலாம். சென்னைக்கு இது பழைய சமாசாரம். அலெக்ஸாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கலைப் பள்ளிக்கூடம் தொடங்கினார். விரைவிலேயே அதில் தொழிற்பகுதியும் சேர்ந்து, மட்பாண்டம், செங்கல், ஓடு முதலியவை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடந்தான் வளர்ந்து இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. மட்பாண்ட வடிவமைப்பு இப்போதும் அங்கே ஒரு பாடம்.

அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் எஞ்சினீயர் அதே இடத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். அது பெருந்தொழிலாகப் பரவியது. உடையாத, கனமில்லாத அலுமினியம் அடுப்பங்கரைக்குள் நுழைந்த பிறகு மண்சட்டிக்கு என்ன கதி ஏற்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குயவர் கலையைப் பாடமாக்கிய கூடமே, குயவர் பிழைப்புக்குப் போட்டியையும் பிறப்பித்தது! யார்மேலும் குற்றம் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. பாத்திரம் உடையாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவது பாவமல்ல. ஆனால் உடையும் பொருளைச் செய்கிறவனுடைய வித்தையும் சேர்ந்து உடைந்து போகலாமா என்பதுதான் கேள்வி.

பிற்காலத்தில், 1971-ஆம் ஆண்டில், ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற மட்பாண்டக் கூடத்தை நிறுவினார்கள். உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, கண்ணாடி போன்ற பூச்சுக் கொடுத்த பாத்திரங்களை அங்கே செய்தார்கள், செய்யவும் கற்பித்தார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் தேசத்தின் பல பாகங்களில் சொந்தக் கூடம் வைத்திருக்கிறார்கள். பரம்பரையில் பிறக்காதவர்களும் மண்ணைத் தொடலாம் என்ற கதவு இப்படித் திறந்தது. சந்தோஷமான விஷயந்தான்.

ஆனால் அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டி, காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கும் வயதான குயவர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். நண்பரின் பெண்ணும் கூட வந்தாள். பெரியவர் கனமான சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, அதன் வேகம் தணிவதற்குள் பானையின் வாயையும் தோளையும் எழுப்பினார். அடிப்பாகம் திறந்தே இருந்தது. அறுத்து எடுத்துச் சற்று உலர வைத்த பிறகு, உட்புறம் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டி, அந்தத் துவாரத்தை மூடி உருண்டையாக்கிவிட்டார். சுவர் மெல்லியதாகவும் எங்கும் ஒரே கனமாகவும் வந்தது. பெண் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எங்கள் வகுப்பில் ஒருவராலும் செய்ய முடியாது, மாமா" என்றாள்.

பெரியவருடைய பிள்ளை கம்பெனி ஒன்றில் காவல் வேலை பார்க்கிறான். பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். "மண் வேலைக்குப் பட்டணத்தில் காலேஜ் இருக்கிறதா?" என்று பெரியவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆச்சரியமாகவே கேட்டார். நம்மால் அந்த ஆச்சரியத்தை ரசிக்க முடியவில்லை. அய்யனார் கோவிலுக்குக் குதிரை செய்து கொடுத்து, அந்தக் கோவிலிலேயே பூசையும் செய்கிற வேளார்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருநீலகண்டக் குயவனாரை அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். அந்தத் தொழிலில் பிறந்தவனுக்குத் தன் தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி இருக்கும் செய்தியே எட்டவில்லை என்றால், நாம் கும்பிட்டதன் பயன் என்ன?

1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தி மகான் சொன்ன யோசனை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கைத்தொழிலைப் படிப்போடு ஒட்டுப்போட வேண்டாம், கைத்தொழிலின் மூலமாகவே படிப்பைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதன்பின் எத்தனையோ திட்டங்கள் வந்தன, போயின. கையால் வேலை செய்கிறவன் பிள்ளையைப் படிக்க வைப்பது, பிள்ளை கையால் வேலை செய்யாமல் இருப்பதற்காகவே என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. நமது நண்பர் திண்ணையில் சொன்னதும் அதைத்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. உழைப்புக்குத் தக்க கூலியும் மரியாதையும் தறிக்குக் கிடைத்திருந்தால், அவர் நாற்காலியை எதற்காக நினைக்கப் போகிறார்?

* * *

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாகத் தீர்ப்புச் சொல்வதற்காகப் பிள்ளையார்பாளையத்துக்குப் போனோம். வழியெல்லாம் நமது தீர்ப்பை ஒரு பிரசங்கமாகத் தயாரித்து வைத்திருந்தோம். அதைச் சொல்லச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். தான் செய்த கோப்பைகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று நீலமும் பச்சையும் கலந்த பூச்சுடன் பளபளவென்று இருந்தது. மற்றொன்று பூச்சு இல்லாமல் வறண்டு கிடந்தது. அதன் பிடி, கோப்பையோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை எதற்காகக் கொண்டுவந்தாள் என்று கேட்டோம். எங்கே தவறியது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாள்.

நண்பர் நல்ல கோப்பையைத் தொடவில்லை. விரிசல் விட்ட கோப்பையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கோர்வை நெசவில் பேர்போனவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போவதுதான் கோர்வை. மூன்று நாடாவும் இரண்டு ஆளும் வேண்டிய வேலை. சேலை நைந்தாலும் கரை பிரியக் கூடாது என்பது அந்தத் தொழிலின் மானம். இணைப்பு என்ற விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை.

"ஏனம்மா, இதை ஒட்டும்போது இரண்டும் ஒரே ஈரத்தில் இருந்தனவா?" என்று கேட்டார்.

பெண் திகைத்துப் போனாள். "இல்லை, அப்பா. கோப்பை காய்ந்து தோல் பதத்துக்கு வந்துவிட்டது. பிடி அப்போதுதான் செய்தது. மண் காயும்போது சுருங்கும். காய்ந்த கோப்பை சுருங்கி முடிந்துவிட்டது, ஈரமான பிடி அதற்குப் பிறகு சுருங்கியது. அதனால்தான் விட்டுவிட்டது என்று ஆசிரியையும் சொன்னார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் பாவு இறுக்கமாகவும் மறு பக்கம் தளர்ச்சியாகவும் இருந்தால் கோர்வை நிற்காது. சேருகிற இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும்" என்றார் நண்பர்.

அதற்குப் பிறகு அப்பாவும் பெண்ணும் நம்மை மறந்துவிட்டார்கள். ஈரம், இறுக்கம், சுருக்கம் என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நமக்குக் காப்பி கொடுக்கவும் மறந்துவிட்டார்கள். அம்மாதான் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாலையில் எல்லாருமாகப் பொங்கல் பானை வாங்கப் போனோம். தெரு ஓரத்தில் புதுப் பானைகள் அடுக்கியிருந்தன. அம்மா வழக்கப்படி ஒரு பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டாள். பெண் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறவர்களை அப்பா என்ன சொல்வார்?" என்று கேட்டாள்.

நண்பர் ஒரு விநாடி பெண்ணைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து பணத்தை எடுத்து, சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நமது தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. பெண் அடுத்த வாரம் வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். அந்த நீலப் பச்சைக் கோப்பையில்தான் இப்போது நண்பர் காலைக் காப்பி குடிக்கிறாராம். நேயர்கள் வருகிற பொங்கலுக்குப் பானை வாங்கும்போது, தட்டிப் பார்த்து வாங்குங்கள். அது உங்கள் உரிமை. விலையைத் தட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். அரைக் கிலோ களிமண்ணை எடுத்து, சுழலும் சக்கரத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். வேஷ்டி கறையாவதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல.